பொருள்: ஒட்டுப் போட அனுமதி கோருதல்

புதுச்சேரி சான்றிதழ் ஒருங்கிணைப்பு இயக்ககத்தின் சர்வர் தினமும் காலை பதினொன்றேகால் மணிக்குப் படுத்துவிடும். மறுநாள் காலையில் தானாக எழுந்துகொள்ளும். இடைப்பட்ட நேரத்தில் குடியிருப்புச் சான்று, சாதிச் சான்று என எந்தச் சான்றும் யாருக்கும் கிடைக்காது. இயக்ககம் மட்டும் மாலை ஐந்தேமுக்கால் வரை திறந்திருக்கும்.

சர்வரைப் பார்த்துக்கொள்வது அமுதவல்லியின் வேலை. வில்லியனூரிலிருந்து பஸ்ஸில் வருவாள். கணினியில் டிப்ளமோ படித்தவள். ஆறு ஆண்டுகளாக ஒப்பந்தப் பணியாளர். எண்பத்தொன்பது நாள் வேலை, ஒரு நாள் இடைவெளி, மறுபடி எண்பத்தொன்பது நாள். தொண்ணூறாவது நாளும் வேலை செய்தால் ஏதாவது ஓர் உரிமை பிறந்துவிடும் என்பதால் அந்த ஒரு நாள் மட்டும் வீட்டில் இருக்கச் சொல்வார்கள். அன்றைக்கும் சர்வர் படுத்தால் வீட்டுக்கு போன் வரும்.

சர்வர் ஒழுங்காக ஓடுகிறதா என்று கவனிக்க 'காவலன்' என்றொரு மென்பொருள் இருந்தது. சென்னைக் கம்பெனி ஒன்றின் சரக்கு. வாங்கிய இடங்களில் எல்லாம் நன்றாகவே வேலை செய்தது. ஆனால் கடையில் கிடைப்பதை அப்படியே வாங்கி வைப்பது இயக்ககத்துக்கு அழகா என்று இயக்குநர் ராஜாங்கம் கேட்டார். கம்பெனி இருநூற்றுப் பன்னிரண்டு மாற்றங்களைச் செய்து கொடுத்தது. அதன்படி காவலன் மதியம் ஒன்று முதல் இரண்டு வரை எந்தக் கட்டளையையும் ஏற்காது. அரசு விடுமுறைப் பட்டியல் முழுவதும் அதற்கு மனப்பாடம். ஆங்கிலத்தில் 'அவசரம்' என்று சிவப்பாக ஒரு பொத்தான் இருந்தது. அது அலுவலகப் பண்பாட்டுக்கு ஒவ்வாது என்று எடுத்துவிட்டார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, சர்வர் களைத்துப்போனால் அதை நிறுத்தி எழுப்ப மூன்று அதிகாரிகள் தத்தம் கடவுச்சொல்லைக் கொடுத்து ஒப்புதல் தரவேண்டும்: கண்காணிப்பாளர், இணை இயக்குநர், இயக்குநர்.

இணை இயக்குநர் கிருஷ்ணசாமி 2006 மார்ச் கடைசியில் ஓய்வுபெற்றார். அந்த நாற்காலிக்கு ஆள் போடவில்லை. காவலனுக்கு இது தெரியாது. கூட்டம் ஏற ஏற, பதினொன்றேகாலுக்கு அது ஒப்புதல் கேட்கும். இரண்டு பேர் ஒப்புதல் வந்துவிடும். மூன்றாவது இடத்தில் திரையில் எழுத்து வரும்: 'இணை இயக்குநர் இருக்கையில் இல்லை. காத்திருக்கவும்.' காவலன் காத்திருக்கும். சர்வர் படுத்திருக்கும். வெளியே ஜனங்கள் நிற்பார்கள்.

அமுதவல்லி கம்பெனிக்கு எழுதினாள். கம்பெனி மற்ற ஊர்களுக்கு அனுப்பும் திருத்தங்கள் இந்த இருநூற்றுப் பன்னிரண்டு மாற்றங்களோடு ஒத்துப்போகாது. ஆகவே இயக்ககத்துக்கென்றே தனியாக ஒரு சின்னத் திருத்தம் எழுதி, குறுந்தகட்டில் பதிந்து, கடிதத்தோடு அனுப்பினார்கள். காலியாக இருக்கும் பதவியை இனிமேல் தாண்டிப் போகலாம் என்று காவலனுக்குச் சொல்லித்தருவதுதான் அதன் வேலை. அளவு முப்பத்தெட்டு கேபி. போட நான்கு நிமிடம் ஆகும் என்று கடிதத்தில் இருந்தது. 'பேட்ச்' என்று எழுதியிருந்தார்கள்.

அமுதவல்லி குறுந்தகட்டை எடுத்துக்கொண்டு கண்காணிப்பாளர் நிர்மலாதேவியிடம் போனாள்.

"நாலு நிமிஷம் மேடம். இப்பவே போட்டுடறேன்."

நிர்மலாதேவி அவளை ஒரு குழந்தை நடுரோட்டில் இறங்குவதைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். "அமுதா, நாலு நிமிஷ வேலைன்னு சொல்லாத. நாலு நிமிஷத்துல முடியறத இங்க யாரும் வேலைன்னு ஒத்துக்க மாட்டாங்க. ஃபைல் போடு. தகட்டுக்கு மூணு காப்பி வை."

"தகட்டுக்கு எப்படி மேடம் காப்பி?"

நிர்மலாதேவி தகட்டை வாங்கி ஜெராக்ஸ் மெஷினின் கண்ணாடியில் வைத்து மூன்று முறை பொத்தானை அழுத்தினார். மூன்று தாளில் மூன்று கறுப்பு வட்டங்கள் வந்தன. ஒவ்வொன்றின் கீழும் பச்சை மையில் 'உண்மை நகல்' என்று எழுதிக் கையெழுத்திட்டு முத்திரை குத்தினார். வட்டத்தின் நடுவில் இருந்த ஓட்டைக்குப் பக்கத்தில் 'மூலத்திலும் இவ்வாறே உள்ளது' என்று ஒரு குறிப்பும் சேர்த்தார். அவர் வேலையில் குறை சொல்ல முடியாது.

பத்தாம் நாள் இயக்குநர் ஒரு குழு அமைத்தார். ஏழு பேர். சின்னத் திருத்தத்துக்கு ஏழு பேரா என்று ஓர் உறுப்பினர் தயங்கியபோது ராஜாங்கம் புன்னகை செய்தார்.

"சிறிய விஷயந்தான். சிறிய குழு போடலாம்னுதான் நானும் பார்த்தேன். சிறிய குழு போட விதியில இடமில்ல. பெரிய விஷயம்னா குழுவே தேவையில்ல, நானே முடிவு பண்ணிடுவேன். சிறிய விஷயத்துலதான் நாம ஜாக்கிரதையா இருக்கணும். ஏன்னா அதுதான் நமக்குப் புரியும்."

குழு முதல் கூட்டத்தில் பேட்ச் என்பதற்குத் தமிழ் தேடியது. 'தையல்' என்றார் ஒருவர். பெண் ஊழியர்கள் வருத்தப்படலாம் என்று விட்டுவிட்டார்கள். 'பற்று' என்றார் இன்னொருவர். அது நெற்றிக்குப் போடுவது என்று விட்டார்கள். மூன்றாம் கூட்டத்தில் 'ஒட்டு' என்று முடிவாகி, கைதட்டல் நடந்தது.

நான்காம் கூட்டத்தில், ஒட்டை நேராக சர்வரில் போடாமல் வேறொரு கணினியில் சோதித்துப் பார்க்கவேண்டும் என்றார்கள். இயக்குநர் அறையில் இருந்த கணினியைத் தேர்ந்தெடுத்தார்கள். அதற்கு மின் இணைப்பு கொடுத்திருக்கவில்லை. தகட்டை அதன்மேல் ஒரு நாள் முழுக்க வைத்திருந்துவிட்டு, 'கணினியின் செயல்பாட்டில் எவ்வித மாற்றமும் காணப்படவில்லை' என்று எழுதிக் கையெழுத்திட்டார்கள்.

கோப்பு தலைமைச் செயலகத்துக்குப் போனது. தட்டச்சு செய்தவர் ஒகரத்தை நீட்டிவிட்டார். 'சர்வருக்கு ஓட்டுப் போட அனுமதி கோருதல்' என்று பொருள் அமைந்தது. அந்த ஆண்டு நெடுங்காலத்துக்குப் பிறகு உள்ளாட்சித் தேர்தல் வந்திருந்த சமயம். கோப்பு நேராகத் தேர்தல் வேலை பார்த்த பிரிவுக்குப் போய், இரண்டு கேள்விகளோடு திரும்பியது. ஒன்று, மேற்படி சர்வருக்குப் பதினெட்டு வயது நிறைவடைந்துள்ளதா? இரண்டு, அவர் எந்த வார்டில் வசிக்கிறார்?

அமுதவல்லி எழுத்துப் பிழையைச் சுட்டிக்காட்டிப் பதில் எழுதினாள். நிர்மலாதேவி அதை அனுப்பவில்லை.

"மேலேர்ந்து கேட்ட கேள்விக்குக் கேள்வி தப்புன்னு பதில் எழுதக் கூடாது. வயசு என்ன?"

"வாங்கி மூணு வருஷம் மேடம்."

'மூன்று. இன்னும் பதினைந்து ஆண்டுகள் உள்ளன' என்று பதில் போனது.

இந்த நாட்களில்தான் அமுதவல்லிக்குக் கொளஞ்சியைத் தெரியவந்தது. மேட்டுப்பாளையத்துத் தொழிற்பேட்டையில் ஒரு பிளாஸ்டிக் கம்பெனியில் நைட் ஷிப்ட் பார்ப்பவர். ஷிப்ட் முடிந்து அப்படியே சைக்கிளில் வருவார். அதற்குள் வரிசை தெருமுனை தாண்டியிருக்கும். முதல் நாள் டோக்கன் ஐம்பத்தெட்டு. அடுத்த நாள் அறுபத்து மூன்று. ஒரு நாள் லீவு போட்டு விடிகாலையில் வந்து நாற்பத்தொன்று வாங்கினார். அன்றைக்கு நாற்பதோடு சர்வர் படுத்தது. அவர் பெண் கவிநிலா நர்சிங் முடித்தவள். பெரிய ஆஸ்பத்திரியில் வேலைக்கு எடுத்திருந்தார்கள். ஜூன் இருபத்து மூன்று, வெள்ளிக்கிழமை மாலைக்குள் குடியிருப்புச் சான்றைக் கொடுக்காவிட்டால் வேலை பட்டியலில் அடுத்து இருப்பவளுக்குப் போய்விடும்.

வியாழக்கிழமை பதினொன்றரை மணிக்கு அவர் அமுதவல்லியின் ஜன்னலுக்கு வெளியே வந்து நின்றார். கையில் எழுபதாம் டோக்கன்.

"இன்னாம்மா ஆச்சி அதுக்கு? தெனம் இதே நேரத்துக்குப் படுக்குதே, பால் குடிச்ச கொழந்தையா?"

"ஒரு ஆஃபீசர் ஒப்புதல் வரணும்னு காத்துனு இருக்குதுண்ணே."

"அவரு எங்க?"

"ரிடையர் ஆயிட்டாரு."

கொளஞ்சி டோக்கனை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். அவர் கோபப்பட்டிருந்தால் அமுதவல்லிக்குச் சுலபமாக இருந்திருக்கும். "அவரு வூடு எங்க இருக்குதுன்னு தெரிஞ்சா நான் போயி கால்ல வுழுந்து கூட்டினு வந்துடுவேம்மா. எம் பொண்ணு மூணு வருஷம் படிச்சிருக்குது" என்றார். சொல்லிவிட்டுத் தூக்கக் கண்களோடு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார்.

அவள் அதுவரை அப்படி யோசித்ததே இல்லை. இரண்டு மாதமாக ஒரு மனிதர் இல்லை என்று கோப்பு எழுதிக்கொண்டிருந்தாள். மனிதர் முத்தியால்பேட்டையில் இருந்தார்.

சாயங்காலம் ஐந்தே முக்காலுக்கு இறங்கி ஷேர் ஆட்டோ பிடித்தாள். வீட்டில் அவர் மனைவி, "பெத்தாங்க் ஆடப் போயிருக்காரு, கிரவுண்டுல பாரும்மா" என்றார். மைதானத்தில் ஏழெட்டுப் பெரியவர்கள் இரும்புக் குண்டுகளை உருட்டிக்கொண்டிருந்தார்கள். கிருஷ்ணசாமி குந்தி உட்கார்ந்து தன் குண்டுக்கும் குறியாக வைத்த சின்ன மரக்குண்டுக்கும் உள்ள தூரத்தை நூல் வைத்து அளந்துகொண்டிருந்தார். அலுவலகத்தில் அவர் இவ்வளவு ஈடுபாட்டோடு எதையும் அளந்து அவள் பார்த்ததில்லை.

விஷயத்தைச் சொன்னாள். அவர் நூலைச் சுருட்டிப் பையில் வைத்தார்.

"இப்பவும் தெனமும் என்னைக் கேக்குதா?"

"தெனமும் சார். பதினொன்னேகாலுக்கு."

"நான் இல்லன்னதும் இன்னா பண்ணுது?"

"ஆஃபீஸ் மூடற வரைக்கும் காத்துனு இருக்கும் சார்."

கிருஷ்ணசாமி நிமிர்ந்தார். முகத்தில் ஏதோ மாறியது. "முப்பத்தோரு வருஷம் சர்வீஸ். எனக்காக ஒரு மீட்டிங் அஞ்சு நிமிஷம் காத்திருந்தது கெடையாது. ராஜாங்கம் நான் வர்றதுக்குள்ள வடையக்கூட முடிச்சிடுவாரு" என்றார். பிறகு மெதுவாக, "நாளைக்கு வர்றேம்மா. தப்பா?" என்றார்.

"தப்புதான் சார்."

"சரி, பத்தரைக்கு வர்றேன்."

மறுநாள் அவர் இஸ்திரி போட்ட சட்டையோடு வந்தார். இயக்குநர் ஒரு கருத்தரங்கில் இருந்தார். நிர்மலாதேவி வழக்கம்போல் பத்தரை மணி தேநீரில் இருந்தார். ஒட்டை ஏற்றவும் காவலன் அதே மூன்று கடவுச்சொற்களைக் கேட்கும் என்பது அமுதவல்லிக்குப் பிற்பாடுதான் தெரிந்திருந்தது. இருவரின் கடவுச்சொற்களும் அவளுக்குத் தெரியும். இருவருக்கும்தான் தெரியாது, தினமும் அவள்தான் அவர்கள் சார்பில் அடித்துவந்தாள். இணை இயக்குநரின் சொல்லை மட்டும் கிருஷ்ணசாமி யாருக்கும் கொடுத்ததில்லை. அதுதான் அவரிடமிருந்த ஒரே அதிகாரம்.

பழைய நாற்காலியில் இருந்த கோப்புக் கட்டுகளை இறக்கிவைத்துவிட்டு உட்கார்ந்தார். அவளைத் திரும்பிக்கொள்ளச் சொல்லி ஒற்றை விரலால் அடித்தார். திரையில் வந்தது: 'வணக்கம், இணை இயக்குநர் அவர்களே. தாங்கள் 84 நாட்களாக இருக்கையில் இல்லை.'

அவர் அதை இரண்டு முறை படித்தார். "எண்ணினு இருந்திருக்குது பாரு" என்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு ஒப்புதல் பொத்தானை அழுத்தினார்.

ஒட்டு ஏற ஆரம்பித்தது. பாதியில் நின்றது. இருநூற்றுப் பன்னிரண்டு மாற்றங்களில் ஒன்று குறுக்கே வந்தது: 'இந்நடவடிக்கைக்கான காரணத்தைக் குறைந்தது இருநூறு சொற்களில் விளக்குக. கால அவகாசம் பத்து நிமிடங்கள்.'

அமுதவல்லி ஜன்னல் வழியே பார்த்தாள். கொளஞ்சி இருந்தார். அறுபத்தோராம் டோக்கன். சுவரில் சாய்ந்து, நின்றபடியே தூங்கிக்கொண்டிருந்தார். அவள் 'ஜனங்கள் நிற்கிறார்கள்' என்று அடித்தாள். மறுபடி 'ஜனங்கள் நிற்கிறார்கள்' என்று அடித்தாள். நூறு முறை. ஒன்பதாவது நிமிடம் காவலன் ஏற்றுக்கொண்டது. மீதி ஒட்டு இரண்டு நிமிடத்தில் ஏறியது.

பதினொன்றேகாலுக்கு சர்வர் களைத்தது. காவலன் இரண்டு பேரைக் கேட்டது, காலி நாற்காலியைத் தாண்டியது, சர்வரை நிறுத்தி எழுப்பியது. எல்லாம் ஒரு நிமிடம். மதியம் ஒரு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது கவிநிலாவின் குடியிருப்புச் சான்று அச்சாகி வந்தது. கொளஞ்சி அதிலிருந்த பெயரை எழுத்தெழுத்தாக மூன்று முறை சரிபார்த்தார். நன்றி சொல்ல நேரமில்லாமல் சைக்கிளை எடுத்தார். அமுதவல்லி பின்கதவு வழியாகக் கிருஷ்ணசாமியை அனுப்பிவைத்துவிட்டு வந்து, யாராவது கூப்பிடுவார்கள் என்று பயந்தபடி உட்கார்ந்திருந்தாள்.

யாரும் கூப்பிடவில்லை. சர்வர் அன்று படுக்கவில்லை என்பதைக் கவனித்தவர் நிர்மலாதேவி மட்டுமே. தினசரி அறிக்கையில் 'படுத்த நேரம்' என்று ஒரு கட்டம் உண்டு.

"இன்னிக்கி எத்தன மணிக்குப் படுத்துது?"

"படுக்கல மேடம்."

"படுக்கலன்னா கட்டத்துல என்ன எழுதறது? காலியா விடக்கூடாது." யோசித்துவிட்டு வழக்கம்போல் பதினொன்றேகால் என்று எழுதினார். மூன்று வாரம் அப்படியே எழுதினார். மூன்று வாரமும் மாலை வரை சான்றிதழ் போய்க்கொண்டே இருந்தது. வரிசை தெருமுனையிலிருந்து வாசலுக்குச் சுருங்கியது.

ஜூலை நடுவில் ஒட்டுப் போட அனுமதி வந்தது.

ராஜாங்கம் அதை விழாவாக நடத்தினார். கடற்கரைச் சாலையில் ஒரு பேனர். சர்வர் அறை வாசலில் வாழைமரம். குத்துவிளக்கை சர்வர் பக்கத்தில் வைக்கலாமா என்று குழு கூடி விவாதித்து, தீயணைப்பு வாளியோடு வைத்தது. இயக்குநர் மைக்கைப் பிடித்தார்.

"இந்த ஒட்டு மிகச் சிறியது. முப்பத்தெட்டு கேபிதான். ஆனால் இதற்குப் பின்னால் எத்தனை உழைப்பு! பதினோரு கூட்டங்கள், நானூற்று ஆறு பக்கங்கள். ஒட்டைவிட ஒட்டின் கோப்பு பெரியது என்று பெருமையோடு சொல்லிக்கொள்கிறேன். தனியாரிடம் கொடுத்திருந்தால் நான்கு நிமிடத்தில் முடித்திருப்பார்கள். பொறுப்பு எங்கே இருந்திருக்கும்? சிலர் கேட்கிறார்கள், மக்கள் வெயிலில் நிற்கிறார்களே என்று. மக்கள் நிற்பதால்தான் இங்கே ஓர் அலுவலகம் இருப்பது ஊருக்குத் தெரிகிறது."

கைதட்டல் எழுந்தது. அவர் சந்தனம் தொட்ட விரலால் பொத்தானை அழுத்தினார். பெரிய திரையில் எல்லோரும் படிக்கும்படி வந்தது: 'இந்த ஒட்டு ஏற்கெனவே போடப்பட்டுள்ளது.'

அமுதவல்லி கதவுப் பக்கம் நகர்ந்தாள். ராஜாங்கம் திரையைப் பார்த்தார், விரலைப் பார்த்தார். பிறகு மைக்கைத் தூக்கினார்.

"பார்த்தீர்களா வேகத்தை! நான் அழுத்துவதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டது!"

முன்னைவிடப் பலமாகக் கைதட்டினார்கள். அதோடு முடிந்திருக்கும். ஆனால் குழு உறுப்பினர்களில் ஒருவர் படிக்கிறவர். காவலனின் பதிவேட்டைப் படித்துவிட்டார். ஜூன் இருபத்து மூன்றாம் தேதி, ஓய்வுபெற்ற ஒருவரின் ஒப்புதலோடு, அனுமதியின்றி வேலை நடந்திருக்கிறது. அதைச் செய்தவர் அமுதவல்லி. விசாரணை வைத்தார்கள். அவள் எதையும் மறைக்கவில்லை. காரணமாக எழுதிய இருநூறு சொற்களை வாசித்த அதிகாரி, 'ஒரே கருத்தை வலியுறுத்தும் சீரான நடை' என்று குறித்துக்கொண்டார். கிருஷ்ணசாமி எழுத்து மூலம் ஒரு வரி அனுப்பினார்: 'என்னைக் கேட்டார்கள், கொடுத்தேன்.' ஓய்வுபெற்றவரை ஒன்றும் செய்ய முடியாது என்று அவரை விட்டுவிட்டார்கள்.

ஒரு திங்கட்கிழமை இயக்குநர் அமுதவல்லியைக் கூப்பிட்டார். நிர்மலாதேவி கோப்போடு பக்கத்தில் நின்றார்.

"உங்க மேல குற்றம் நிரூபணம் ஆயிடுச்சி" என்றார் ராஜாங்கம். "ஆனா தண்டிக்க முடியல."

"சார்?"

"நீங்க ஒப்பந்தப் பணியாளர். ஒழுங்கு நடவடிக்கை விதிகள் அரசு ஊழியருக்கு மட்டுந்தான். உங்களுக்குக் கண்டனம் குடுக்கக்கூட சட்டத்துல வழியில்ல."

"அப்ப என்னை அனுப்பிடுவீங்களா சார்?" அடுத்த எண்பத்தொன்பதாவது நாளுக்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருந்தது.

ராஜாங்கம் மேசையைத் தட்டினார். "எப்படி அனுப்புவேன்? அனுப்பினா நீங்க தண்டனை இல்லாம தப்பிச்சிடுவீங்க! என் இயக்ககத்துல தப்பு பண்ணிட்டு யாரும் தண்டனை இல்லாம வெளிய போனதில்ல. அதனால முதல்ல உங்கள இளநிலை உதவியாளரா நிரந்தரம் பண்றோம். பண்ணிட்டு, கண்டனம் தர்றோம்."

அமுதவல்லி நிர்மலாதேவியைப் பார்த்தாள். நிர்மலாதேவி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். உதடு மட்டும் இறுகியிருந்தது.

"நீங்க கருணை மனு போடலாம்" என்றார் இயக்குநர், கொஞ்சம் இறங்கி. "பரிசீலிச்சு ரெண்டையும் ரத்து பண்ணிடலாம்."

"வேணாம் சார்" என்றாள் அவள் அவசரமாக. "நான் செஞ்சது தப்பு. தண்டிச்சே ஆவணும்."

"அந்த நேர்மை இருக்கே" என்று ராஜாங்கம் நெகிழ்ந்துபோனார்.

ஒப்பந்தப் பணியாளர்களை நிரந்தரமாக்கும் கோப்பு ஆறு ஆண்டுகளாக ஒரே அலமாரியில் இருந்தது. தண்டிப்பதற்கான கோப்பு என்று மேலே எழுதியதும் ஒன்பதே நாளில் கையெழுத்தாகித் திரும்பியது. இரண்டு உறைகள். அமுதவல்லி முதல் உறையை வாங்கிக் கையெழுத்திட்டு அரசு ஊழியர் ஆனாள். இரண்டாவதை வாங்கிக் கையெழுத்திட்டுக் கண்டிக்கப்பட்டாள். இடையில் பேனாவைக்கூட மூடவில்லை.

மதியம் நேரு வீதியில் இனிப்பு வாங்கிவந்து எல்லா மேசைக்கும் வைத்தாள்.

"எந்த உறைக்கு இது?" என்று கேட்டார் நிர்மலாதேவி.

"கண்டனத்துக்கு மேடம்."

நிர்மலாதேவி இரண்டு எடுத்துக்கொண்டார். இயக்குநர் ஒன்று எடுத்து, கண்டித்தவர் என்பதால் முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டே சாப்பிட்டார்.

சாயங்காலம் பஸ் ஸ்டாப்பில் மற்ற பதினொரு ஒப்பந்தப் பணியாளர்களும் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். டிரைவர் வடிவேல்தான் குரலைத் தாழ்த்திக் கேட்டார். இருபது ஆண்டாக எண்பத்தொன்பது நாள் கணக்கில் ஓட்டுகிறவர்.

"நீ இன்னா தப்புமா பண்ணே? கொஞ்சம் சொல்லு. நாங்களும் பண்றோம்."

பஸ் வந்துவிட்டது. அமுதவல்லி படியில் ஏறி, கம்பியைப் பிடித்துக்கொண்டு திரும்பினாள்.

"என் வேலையச் செஞ்சிட்டேண்ணே" என்றாள்.

பதினொரு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவ்வளவு துணிச்சல் யாருக்கும் வரவில்லை.